கறாரான கமிஷனர் வந்தால் குற்றம் குறையுமா?

செல்லூர்க்காரர் | 3 ஆகஸ்ட் 2025, காலை

எங்கள் பக்கத்தில் இந்த மாதம் இரண்டு பைக் காணாமல் போய்விட்டது. போன வருஷம் பிடிபட்ட அதே பையன்கள்தான் என்று தெருவே சொல்கிறது. என் கருத்தை நேராகவே சொல்கிறேன். போலீஸ் பிடிக்கிறது, கோர்ட் விடுகிறது, ஜெயிலில் போய்ப் புதுத் தொழில் கற்றுக்கொண்டு வருகிறான். போலீஸுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு மற்ற ஆபீஸ்களை ஓரமாக நிற்கச் சொன்னால் மூன்று மாதத்தில் மதுரை அடங்கிவிடும். மறுக்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா | 3 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன். காரணத்தை நிதானமாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தப் பையன்களைப் பிடித்தார்களே, அந்தக் கேஸ் என்ன ஆனது என்று தெருவில் யாராவது விசாரித்தீர்களா? தண்டனையா, விடுதலையா, இன்னும் வாய்தாவில் கிடக்கிறதா?

வக்கீல் குமாஸ்தா | 5 ஆகஸ்ட், இரவு

யாரும் விசாரிக்கவில்லை என்று செல்லூர்க்காரரே சொல்லிவிட்டார். சரி.

நான் வக்கீல் இல்லை. ஜில்லா கோர்ட்டில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன். சட்டம் எனக்கு அரைகுறை. ஆனால் எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கும் என்பது நன்றாகத் தெரியும்.

மதுரையில் இந்த ஆபீஸ்களெல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான். ஜில்லா கோர்ட், கலெக்டர் ஆபீஸ், அழகர்கோவில் ரோட்டில் கமிஷனர் ஆபீஸ், கோரிப்பாளையம் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. எல்லாம் வைகைக்கு வடக்கே. ஜெயில் மட்டும் ஆற்றைக் கடந்து அரசரடியில். 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளையும் உலகனேரியில் இருக்கிறது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் மனசு வைத்தால் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் எல்லா வாசலையும் காட்டிவிடுவார். காகிதம்தான் அந்த வேகத்தில் போகாது.

ஒரு சங்கிலிப் பறிப்பை எடுத்துக்கொள்வோம். பறிக்கிற வேகத்தில் அந்த அம்மா கீழே விழுந்து மணிக்கட்டு முறிகிறது. பெரியாஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். அதில் "பைக்கில் வந்த இருவர்" என்று டாக்டர் எழுதுகிறாரா, "தெரியாத நபர்" என்று எழுதுகிறாரா, "தவறி விழுந்ததாக" என்று எழுதுகிறாரா என்பதிலேயே கேஸின் பாதி முடிந்துவிடும். வலியில் கத்திக்கொண்டிருக்கிற அம்மா சொன்னதை, வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்கும்போது, ஒரு பயிற்சி டாக்டர் எழுதுகிறார். மூன்று வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் தோண்டுவார். அதற்குள் அந்த டாக்டர் படிப்பு முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பார். அவர் கையில் சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனி வேலை.

அடுத்து ஸ்டேஷன். எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆளைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் ரிமாண்டுக்கு நிறுத்த வேண்டும். அப்புறம் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரோடு நிற்க வைத்து இவன்தான் என்று அந்த அம்மாவைக் காட்டச் சொல்வது. இதை ஜெயிலுக்குள்ளே ஒரு மாஜிஸ்திரேட் நடத்துவார், போலீஸ் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. இங்கேதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். பிடித்த சந்தோஷத்தில் பையனை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், அணிவகுப்பில் அந்த அம்மா காட்டுகிற விரலுக்கு மதிப்பே இல்லை. போட்டோவைப் பார்த்துத்தான் காட்டினாள் என்று ஒரே கேள்வியில் உடைத்துவிடலாம். எங்கள் சீனியர் இப்படி உடைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் கேஸ் கொடுத்த கட்சிக்காரருக்கு அன்றைக்கு நல்ல நாள். அந்த அம்மாவுக்கு?

இதில் கோர்ட் எங்கே "விட்டது"? டாக்டர் ஒரு வரி, ஸ்டேஷன் ஒரு போட்டோ. ஜட்ஜ் முன்னால் வந்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை.

வக்கீல் குமாஸ்தா | 6 ஆகஸ்ட்

முக்கியமான ஆளை நேற்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கோர்ட் வேலைக்கென்று ஓர் ஏட்டு இருப்பார். குற்றப்பத்திரிகையைக் கொண்டு வருவது, பெஞ்ச் கிளார்க் குறை சொல்லித் திருப்பினால் வாங்கிப் போவது, சம்மன் வாங்குவது, பிடிவாரண்ட் கணக்கு, ஏ.பி.பி. (அரசு வழக்கறிஞர்) கேட்கிற கேஸ் டைரி, எல்லாம் அவர் தோளில் தொங்கும் ஒரு துணிப்பையில். பல துறைகளின் ஒருங்கிணைப்பு என்று மேடையில் பேசுகிறார்களே, கீழே இறங்கிப் பார்த்தால் அது அந்தத் துணிப்பைதான். நல்ல கோர்ட் ஏட்டு இருக்கிற ஸ்டேஷனின் கேஸ்கள் நகரும். அவரை மாற்றிவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்த ஸ்டேஷன் கேஸ் கட்டு எதுவும் அசையாது. கமிஷனர் மாறினால் பேப்பரில் வருகிறது. கோர்ட் ஏட்டு மாறினால் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வக்கீல் குமாஸ்தா | 6 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

"இதற்கெல்லாம் ஒரு கமிட்டி கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கமிட்டி இல்லாத விஷயம் நம் ஊரில் உண்டா! விசாரணைக் கைதிகளின் நிலையை மறு ஆய்வு செய்ய ஒன்று இருக்கிறது: மாவட்ட நீதிபதி தலைமை, கலெக்டர், போலீஸ் அதிகாரி, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர். சாட்சிப் பாதுகாப்புக்கு இன்னொன்று. கமிஷனர் ஆபீஸில் மாதா மாதம் குற்ற ஆய்வுக் கூட்டம் தனி. கூட்டத்துக்கும் பகோடாவுக்கும் குறைவில்லை.

கிண்டல் செய்தாலும் முதலில் சொன்ன கமிட்டி வேலை செய்கிற கமிட்டிதான். இதுவரை எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவன், இப்போதைய குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளேயே இருந்துவிட்டால் அவனைப் பிணையில் விட வேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 479-வது பிரிவு சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. ஜெயில் தன் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் கொடுத்தால்தான் இது நடக்கும். ஜாமீன் கொடுத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடக்கிற ஏழைகள் உண்டு. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றே அல்லது மறுநாளே ஜெயிலுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், 7 நாளில் ஆள் வெளியே வரவில்லையென்றால் ஜெயில் சூப்பிரண்டெண்ட் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பைக் திருடிய பையன் ஒருத்தன் சும்மா கிடக்கிற ஒவ்வொரு மாதமும் பெரிய கேடிகளோடு பழகுகிற மாதம். செல்லூர்க்காரர் சொன்ன "புதுத் தொழில்" அங்கேதான் கற்பது. ஆக, அவனைச் சீக்கிரம் வெளியே எடுப்பதும் குற்றத்தைக் குறைக்கிற வேலைதான்.

வக்கீல் குமாஸ்தா | 9 ஆகஸ்ட்

"பெரிய கேஸ் ஏதாவது சொல்லுங்கள், பைக் திருட்டெல்லாம் வேண்டாம்" என்று கேட்டவருக்கு.

தெற்கத்திப் பக்கம் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று, பழிக்குப் பழி. ஒரு கொலை நடக்கும், அடுத்த வருஷம் பதிலுக்கு ஒன்று, அப்புறம் அதற்குப் பதில். இதில் அடுத்த கொலை எங்கே, எப்போது நடக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். எதிரி எங்கே இருப்பான் என்று உறுதியாகத் தெரிகிற இடங்கள் மூன்றுதான். ஜெயில் வாசல், கோர்ட் வாசல், கண்டிஷன் கையெழுத்துப் போடுகிற ஸ்டேஷன் வாசல். ஜாமீன் உத்தரவில் "தினமும் காலை 10.30 மணிக்கு இன்ன ஸ்டேஷனில் கையெழுத்து" என்று எழுதியிருக்கும். அது கோர்ட் போட்ட நிபந்தனை. எதிர்க்கோஷ்டிக்கு அதுவே அழைப்பிதழ். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் வெட்டினார்கள் என்ற செய்தியை இந்தப் பக்கத்தில் யாரும் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் ஆபீஸுக்கு அப்படி ஒரு கட்சிக்காரர் வந்தார். ஜாமீன் கிடைத்தது, நிபந்தனை உள்ளூர் ஸ்டேஷன். அவர் அம்மா எங்கள் சீனியர் காலில் விழாத குறை: "ஐயா, ஜாமீனே வேண்டாங்கய்யா, உள்ளயே இருக்கட்டும்." சீனியர் இடத்தை மாற்றச் சொல்லி மனுப் போட்டார். ஏ.பி.பி. எதிர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, உண்மையிலேயே மிரட்டல் இருக்கிறது என்று ஒரு குறிப்பு வாங்கிக்கொண்டு வந்து ஆட்சேபணை இல்லை என்றார். திருச்சியில் தங்கிக் கையெழுத்துப் போட உத்தரவு. அன்றைக்குச் சாயங்காலம் ஜெயில் வாசலில் ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேர் மஃப்டியில் நின்றார்கள். எந்த நேரத்தில் வெளியே விடுவார்கள் என்று உள்ளேயிருந்து தகவல் வந்திருந்தது. பையன் நேராக பஸ் ஏறினான்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு குறிப்பு, ஒரு போன், ஒரு பஸ் டிக்கெட். அந்த வருஷம் அந்தக் கோஷ்டியில் வெட்டு விழவில்லை. இதனால்தான் விழவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நடக்காத கொலைக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாதே. ஆனால் இதே மாதிரி இன்னொரு கேஸில் குறிப்பு எழுத யாருக்கும் நேரமில்லை. அதன் முடிவை நான் எழுத விரும்பவில்லை.

வக்கீல் குமாஸ்தா | 10 ஆகஸ்ட்

செல்லூர்க்காரர் விடுவதாக இல்லை. "அதெல்லாம் சரி, கோர்ட் ஏன் ஜாமீன் கொடுக்கிறது?"

அண்ணே, பல ஜாமீன்கள் கோர்ட் இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஆளை ஜாமீனில் விட்டே ஆக வேண்டும். ஜட்ஜுக்கு வேறு வழி கிடையாது. வணிக அளவு கஞ்சா என்றால் 180 நாள் வரை அவகாசம் உண்டு. கஞ்சாவில் வணிக அளவு என்பது 20 கிலோவுக்கு மேல். சிறிய அளவு 1 கிலோ வரை. அதனால்தான் 19 கிலோ, 18 கிலோ என்று பொட்டலம் வருவதைப் பார்க்கலாம். கடத்துகிறவனுக்குச் சட்டம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஏன் 60, 90 நாளில் முடியவில்லை? ஆய்வக ரிப்போர்ட் வரவில்லை, காயச் சான்று வரவில்லை, எஸ்.ஐ. மாறிவிட்டார். நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் 61-வது நாள் காலையில் மனுவோடு கவுண்டரில் நிற்போம். எங்கள் டைரியில் அந்தத் தேதி சிவப்பு மையில் இருக்கும். ஸ்டேஷன் டைரியிலும் இருந்தால் போதும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

வக்கீல் குமாஸ்தா | 14 ஆகஸ்ட்

எதிர்பார்த்தது வந்துவிட்டது: "குண்டாஸ் போட்டு ஒரு வருஷம் உள்ளே தள்ளினால் முடிந்தது."

குண்டாஸ் என்பது 1982-ம் வருஷத்து 14-வது சட்டம். மாநகரில் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போடுவார். விசாரணை கிடையாது, தடுப்புக் காவல். அதிகபட்சம் 12 மாதம். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு (காவல் சரிதானா என்று பார்க்கும் குழு) அனுப்ப வேண்டும், ஏழு வாரத்துக்குள் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். போலீஸ், கலெக்டர் ஆபீஸ், தலைமைச் செயலகம், ஜெயில், அறிவுரைக் கழகம் என்று அத்தனை பேரும் கடிகாரத்தோடு ஓட வேண்டிய வேலை. அதனாலேயே உடைகிறது. உலகனேரியில் ஆட்கொணர்வு மனுக்கள் எப்படி ஜெயிக்கின்றன தெரியுமா? கைதி கொடுத்த முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம். கொடுத்த நகலில் சில பக்கம் படிக்க முடியவில்லை. "இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருப்பதால் இவரும் வெளியே வரக்கூடும்" என்று எழுதிவிட்டு, இணைத்த உத்தரவைப் பார்த்தால் அது வேறு மாதிரி வழக்கு. போன கேஸின் வார்ப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

என் பார்வையில் குண்டாஸ் ஒரு வாக்குமூலம். இந்த ஆளுக்கு உரிய நேரத்தில் குற்றப்பத்திரிகை போட்டு, சாட்சியைக் கொண்டுவந்து, தண்டனை வாங்க எங்களால் முடியவில்லை என்று இத்தனை ஆபீஸ்களும் சேர்ந்து எழுதிக் கொடுப்பது. சிலரை அடக்க அது தேவைப்படலாம். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து அவன் எந்தத் தண்டனையும் இல்லாமல், கூடுதல் மரியாதையோடு வெளியே வருகிறான். தெருவில் பேனர் வைக்கிறார்கள்.

வக்கீல் குமாஸ்தா | 14 ஆகஸ்ட், இரவு

பழைய நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகள், அதாவது நன்னடத்தைப் பிணைப் பத்திரம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். புதுச் சட்டத்தில் அவை 126, 129. "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதி வாங்குவது, மீறினால் மீதிக் காலம் உள்ளே. இந்த அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உரியது, அதாவது வருவாய்த்துறையின் ஆர்.டி.ஓ., தாசில்தார். 2013, 2014 அரசாணைகள் மூலம் துணை கமிஷனர்களுக்கே அதைக் கொடுத்தார்கள். வேலை வேகமாக நடந்தது என்பது உண்மை. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று அந்த அரசாணைகள் செல்லாது என்றது. புகார் சொல்கிறவர், விசாரிக்கிறவர், உள்ளே அனுப்புகிறவர் மூன்றும் ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பது சாரம்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த எஸ்.ஐ. ஒருவர் டீக்கடையில் புலம்பினார். "இனி தாலுகா ஆபீஸ் வாசல்ல நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்." நிற்கட்டுமே.

வக்கீல் குமாஸ்தா | 22 ஆகஸ்ட்

நேற்று பாரப்பத்தியில் ஒரு கட்சி மாநாடு. கோர்ட்டில் பாதிக் கேஸுக்கு விசாரணை அதிகாரி வரவில்லை, பந்தோபஸ்து. அடுத்த வாரம் விநாயகர் சதுர்த்தி ஊர்வலம். அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை. சித்திரையில் கேட்கவே வேண்டாம். நம் ஊர் விசேஷ நாட்கள் எல்லாம் பஞ்சாங்கத்தில் வருஷ ஆரம்பத்திலேயே தெரியும். மாநாடு மட்டும்தான் திடீரென்று வரும். திருவிழா வாரத்தில் போலீஸ் சாட்சிகளுக்குத் தேதி போடாதீர்கள் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. வேலையை விட்டுவிட்டு மேலூரிலிருந்து வந்த தனியார் சாட்சி மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறார். இரண்டு தடவை இப்படிப் போனவர் மூன்றாவது தடவை வரமாட்டார். வந்தாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார். பிறழ்சாட்சி. பணம் வாங்கிவிட்டான் என்று ஊர் சொல்லும். பாதிப் பேர் வாங்குவது பணமில்லை, அலுப்புதான்.

வக்கீல் குமாஸ்தா | 24 ஆகஸ்ட்

அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பர் பாஸ்டன் கதையை எழுதியிருக்கிறார். எனக்கும் கேள்விப்பட்ட விஷயம். 1992-ல் அங்கே நன்னடத்தை அலுவலரும் போலீஸும் சேர்ந்து ராத்திரி ரோந்து போனார்கள். கோர்ட் நிபந்தனையில் வெளியே இருக்கிற பையன்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது. 1996-ல் அதைப் பெரிதாக்கி, போலீஸ், அரசு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், தெருவில் பழகுகிற ஊழியர்கள், பாதிரியார்கள் எல்லோரும் கும்பல்களை நேரில் கூப்பிட்டு, "உங்களில் ஒருத்தன் சுட்டால் மொத்தக் கும்பலையும் கவனிப்போம், விலகி வந்தால் படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்வோம்" என்றார்கள். இளைஞர் கொலைகள் மாதக் கணக்கில் 63 சதவீதம் குறைந்ததாக ஆய்வு. அதே காலத்தில் மற்ற ஊர்களிலும் குறைந்தது, இதனால்தானா என்று சண்டை போடுகிற ஆய்வாளர்களும் உண்டு.

எனக்கு அதில் பிடித்தது நன்னடத்தை அலுவலர். நம்மிடமும் இருக்கிறார்! 1958-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சிறைத்துறையின் கீழ் இருக்கிறார்கள். முதல் குற்றம் செய்த பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல் அவர் மேற்பார்வையில் விடலாம். எங்கள் ஆபீஸ் கட்டுகளில் அவருடைய அறிக்கையைப் பார்த்தது அபூர்வம். வக்கீல் கேட்பதில்லை, ஏ.பி.பி. நினைவூட்டுவதில்லை, கோர்ட்டுக்கு நேரமில்லை. செல்லூர்க்காரரின் பைக் பையன்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதாம். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கிற ஆள் கமிஷனர் இல்லை, இவர்தான்.

(பதினெட்டுக்குக் கீழே என்றால் கதை வேறு. இளைஞர் நீதிக் குழுமம், தனிச் சட்டம். அருவாளோடு ரீல்ஸ் போடுகிற பத்தாம் வகுப்புப் பையன்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.)

வக்கீல் குமாஸ்தா | 30 ஆகஸ்ட்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். "எல்லோரும் கைகோத்தால் குற்றம் குறையும்" என்று நான் பாடுகிற மாதிரி இருக்கிறது. அது எனக்கே உறுத்துகிறது.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 ராத்திரி வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கைது. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் ரிமாண்டுக்குத் தகுதி என்று சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச்சிறை உள்ளே எடுத்துக்கொண்டது. 22 ராத்திரி மகன், 23 அதிகாலை தகப்பனார் இறந்துபோனார்கள். அங்கே ஆபீஸ்களுக்கு நடுவில் எந்தத் தடங்கலும் இல்லை. காகிதம் நான் ஆசைப்படுகிற வேகத்தில் ஓடியது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட், ஜெயில், நாலு வாசல். ஒரு வாசலிலாவது ஒருவர் "நில்லுங்கள், இந்த ஆள் ஏன் நிற்க முடியாமல் இருக்கிறார், வேட்டியில் என்ன ரத்தம்?" என்று கேட்டிருந்தால்?

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மதுரைக் கிளை தானாகவே எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு விசாரிக்க அனுப்பியது. அங்கே அவருக்கே மரியாதை இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்ததும், ஸ்டேஷனை வருவாய்த்துறைப் பொறுப்பில் எடுக்கச் சொன்னது. ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஆதாரத்தைக் காப்பாற்ற வருவாய்த்துறை ஆட்கள் உட்கார வேண்டியதாயிற்று. கேஸ் சி.பி.ஐ.க்குப் போய், விசாரணை நம் ஜில்லா கோர்ட்டில் நடந்தது.

இந்த வருஷம் ஜூனில் திருப்புவனம். நம் வாசலிலேயே இருக்கிற ஊர். நகை காணோம் என்ற புகாரில் மடப்புரம் கோயில் காவலாளியை ஸ்பெஷல் டீம் விசாரித்தது, அவர் இறந்தார். இங்கே ரிமாண்ட் வரைக்கும்கூட வரவில்லை. மாஜிஸ்திரேட், ஜெயில் என்று எந்த இரண்டாவது ஆபீஸும் அவரைப் பார்க்கவே இல்லை. மறுபடி உலகனேரிதான் தலையிட்டு, மதுரை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னது. இதுவும் சி.பி.ஐ.க்குப் போனது. முறையான அனுமதி இல்லாத ஸ்பெஷல் டீம்களைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவும் வந்தது.

ஒன்றில் எல்லா வாசலும் திறந்தே கிடந்தன. இன்னொன்றில் எந்த வாசலுக்கும் கொண்டுவரவில்லை. செல்லூர்க்காரர் முதல் நாள் கேட்ட "முழு அதிகாரம், மற்றவர்கள் ஓரமாக நில்லுங்கள்" என்பது இந்த இரண்டாவது மாதிரிதான் அண்ணே. நான் ஆசைப்பட்ட வேகம் கவனமில்லாமல் போனால் முதல் மாதிரி.

வக்கீல் குமாஸ்தா | 31 ஆகஸ்ட்

"அப்போ என்னதான் சொல்ல வருகிறீர்கள், சேர வேண்டுமா வேண்டாமா?" நியாயமான கேள்வி. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது இது.

தேதி, ரிப்போர்ட், சம்மன், யார் எப்போது வெளியே வருகிறார்கள் என்ற தகவல், இதிலெல்லாம் அவர்கள் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி பேசிக்கொள்ள வேண்டும். ஆள் விஷயத்தில் பேசிக்கொள்ளக் கூடாது. போலீஸ் எழுதியதை டாக்டர் நம்பக் கூடாது, சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டாக்டர் சான்றை வைத்து மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடக் கூடாது, அடித்தார்களா என்று அவரே கேட்க வேண்டும். போலீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். ஜெயில் வாசலில் மறுபடியும் காயத்தைக் குறிக்க வேண்டும். நல்ல மாஜிஸ்திரேட்கள் இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ரிமாண்டுக்கு வரும் பையனிடம் அம்மா நம்பர் கேட்டு, அங்கேயே பெஞ்ச் கிளார்க்கை விட்டுப் போன் போடச் சொன்ன ஒரு அம்மா இருந்தார். அந்தக் கோர்ட்டுக்கு ஆளைக் கொண்டுவரும்போது ஸ்டேஷனே கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்.

இதனால் குற்றம் எப்படிக் குறையும் என்றால், அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, நிஜத் திருடன் வெளியே சுற்றுவான். அது தவிர, அடிக்கிற ஸ்டேஷனுக்கு யாரும் தகவல் சொல்லப் போகமாட்டார்கள். தெரு வாயை மூடிக்கொண்டால் எந்தக் கமிஷனராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வக்கீல் குமாஸ்தா | 3 செப்டம்பர்

ஐ.டி. தம்பி ஒருவருக்கு. ஆமாம், இருக்கிறது. எஃப்.ஐ.ஆர்.களுக்கு சி.சி.டி.என்.எஸ்., கோர்ட்டுக்கு இ-கோர்ட்ஸ், ஜெயிலுக்கு இ-பிரிசன்ஸ், ஆய்வகத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் தனித்தனியாக ஒன்று. ஐந்தையும் கோக்க ஐ.சி.ஜே.எஸ். 2024 ஜூலை 1-லிருந்து புதுச் சட்டங்கள் வந்தபின் சோதனை, கைப்பற்றலை வீடியோ எடுக்க வேண்டும். ஏழு வருஷமோ மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் ஆள் இடத்துக்கு வர வேண்டும், அதற்கு மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். கோர்ட்டில் பென் டிரைவ் திறக்கவில்லை என்று வாய்தா வாங்கிய கதையும் நடந்திருக்கிறது. துணிப்பை இன்னும் ஓய்வு பெறவில்லை.

வக்கீல் குமாஸ்தா | 7 செப்டம்பர்

நேற்று தனிச் செய்தியில் ஒருவர் கேட்டதை, பெயர் இல்லாமல் இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். அடிதடியை நேரில் பார்த்தவர். சாட்சியாகச் சம்மன் வந்திருக்கிறது. வீட்டில் "போகாதே" என்கிறார்கள்.

போங்கள். மிரட்டல் இருந்தால் முதலில் அதை எழுத்தில் கொடுங்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று, நாடு முழுக்கப் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. மனு மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குப் போகும். போலீஸ் அதிகாரியும் அரசு வழக்கறிஞர் தரப்புத் தலைவரும் அதில் உறுப்பினர்கள். எவ்வளவு ஆபத்து என்று போலீஸ் அறிக்கை தரும். அதற்கேற்ப ரோந்து, வீட்டுக்குக் கேமரா, கோர்ட்டில் எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) பார்க்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு என்று கேட்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள்.

மிரட்டல் இல்லையென்றால் வேலை இன்னும் சுலபம். சம்மன் கொண்டுவந்த ஏட்டையாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நம்பரை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வாய்தா தேதி தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு, நாளைக்கு ஜட்ஜ் உண்டா, எதிரியை ஜெயிலிலிருந்து கொண்டுவருகிறார்களா, எஸ்கார்ட் கிடைத்ததா என்று கேளுங்கள். உண்டு என்றால் காலையில் பத்தரைக்கு முன்னால் வந்து ஏ.பி.பி.யைப் பார்த்து, போலீஸில் முன்பு நீங்கள் சொன்ன வாக்குமூலத்தை ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள். சாட்சிப் படியைக் கேட்டு வாங்குங்கள், பஸ் செலவுக்காவது ஆகும். அடையாள அட்டை கொண்டு வாருங்கள். பத்தாவது நபராகக் கூப்பிட்டாலும் வராந்தாவை விட்டு நகராதீர்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் டவாலி (கோர்ட் சேவகர்) பெயரைக் கூப்பிடுவார்.

செல்லூர்க்காரர் | 7 செப்டம்பர், இரவு

குமாஸ்தா அண்ணே, பைக் புகாருக்கு ஸ்டேஷனில் புகாரைப் பெற்றோம் என்ற சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள். என்ன செய்ய?

வக்கீல் குமாஸ்தா | 8 செப்டம்பர், காலை

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பைக் திருட்டு, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். போடவில்லையென்றால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், புதுச் சட்டத்தின் பிரிவு 173(4). அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. இன்ஷூரன்ஸ்காரனுக்கும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆர்.சி. புத்தக நகலை மறக்காமல் இணையுங்கள்.